கதை சொல்ல எழுபத்தெட்டுச் சீட்டு

திருப்பூர்
9 ஜூலை 2024

அன்புத் தங்கை சந்தனமேரிக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் இங்கே சுகம். மலைக் குளிரும் மடத்துச் சாப்பாடும் உனக்கு ஒத்துக்கொண்டனவா? போர்வை போதாவிட்டால் எழுது, இங்கே துணிக்கா பஞ்சம்?

இந்த மாத முதல் ஞாயிறு மடத்துப் போனிலிருந்து நீ கூப்பிட்டபோது எடுக்க முடியவில்லை. ஷிப்மெண்ட் நேரம். மெர்ச்சண்டைசர் பிழைப்பு உனக்குத் தெரியாததா? டையிங்காரரையும் பிரிண்டிங்காரரையும் விரட்டியே பொழுது போகிறது. துறவுப் பயிற்சியில் இருக்கும் நவதுறவியர் கையில் செல்போன் கிடையாது என்றாகிவிட்டது. நாம் கடிதமே எழுதிக்கொள்வோமே.

ஒரு சேதி. எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் டி-ஷர்ட்டில் அச்சிட மாதிரிக்கென்று டேரட் சீட்டுக்கட்டு ஒன்று அனுப்பியிருந்தார். ஆர்டர் ரத்தாகி, கட்டு சாம்பிள் ரூமில் கிடந்தது. எழுபத்தெட்டுப் படங்கள். பார்த்ததும் கல்லூரியில் ஆடிய கதை விளையாட்டு ஞாபகம் வந்தது. ஒருவர் கதைசொல்லி, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "பாலம் அறுந்து கிடக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். அவர்கள் சொல்வது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். அப்படி ஒரே கதை மாதக்கணக்கில் ஓடும்.

ஆட மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். காதர்பேட்டையில் பட்டன், லேபிள் கடை வைத்திருக்கும் பாரூக். ஞாயிறு மதியம் அவன் கடை மாடிதான் எங்கள் இடம். எங்கள் கட்டிங் மாஸ்டர் மொக்கைச்சாமி அண்ணன், உசிலம்பட்டிக்காரர். செக்கிங் பிரிவு சித்ராதேவி, குன்னத்தூரிலிருந்து பஸ் ஏறி வருகிறாள்.

கதை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சீட்டுகளைக் குலுக்கி நான்கை வைத்தேன். முதலாவது ஊர்: இடி விழுந்து எரியும் கோபுரம். இரண்டாவது, இழந்தது: அரசி, தலைகீழாக. அப்படியானால் அரசியைக் காணோம். மூன்றாவது, தடை: நிலா, அதன் கீழே ஒரு நாயும் ஓநாயும். நான்காவது, துணை: கையில் விளக்கோடு மலைமேல் தனியாக நிற்கும் கிழவர். ஒரு வருடத்துக்கு ஓடக்கூடிய கதை அரைமணியில் கிடைத்துவிட்டது.

உன் ஜெபத்தில் என்னையும் நினைத்துக்கொள்.

அண்ணன்
சகாயராஜ்

*

27 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆண்டவர் அருளால் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எனக்கு இங்கே மாட்டுத்தொழுவ வேலை. ஒரு பசு என்னைக் கண்டாலே பாலை அடக்கிக்கொள்கிறது.

எங்களுக்கு வரும் கடிதங்களைப் பொறுப்பாளர் சிஸ்டர் படித்த பிறகே தருவார். உங்கள் கடிதத்தோடு என்னைக் கூப்பிட்டார். "இது குறி பார்க்கிற சீட்டுதானே?" என்று கேட்டார். குறி பார்ப்பவர்களும் வைத்திருப்பார்கள், என் அண்ணன் அதை வைத்துக் கதை கட்டுகிறார் என்றேன். இன்னொரு முறை படித்தார். நீட்டும்போது, "பதில் எழுதும்போது அந்த அரசி எங்கே போனாள்னு கேளு" என்றார். ஆகவே கேட்கிறேன்.

விளக்குக் கிழவர் பாத்திரத்தை எனக்குத் தாருங்கள். கிழவியாக மாற்றிக்கொள்ளலாம். அவர்கள் என்னிடம் வந்து சேரும்போது எழுதுங்கள், நான் பதில் எழுதுகிறேன். தபால் போய்வரும் வரை அவர்கள் மலையடியில் காத்திருக்கட்டும்.

என்னை வண்டியேற்ற வந்தபோது தொண்டை கட்டியிருந்ததே, சரியாகிவிட்டதா? தவக்காலத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது. டாக்டரிடம் காட்டினீர்களா?

உங்கள் தங்கை
சந்தனம்

*

திருப்பூர்
14 ஆகஸ்ட் 2024

அன்பு சந்தனத்துக்கு,

சுகம். பசுவிடம் பாட்டுப் பாடிப் பார்.

பொறுப்பாளர் சிஸ்டரிடம் சொல்: எங்கள் மேசையில் ஒரு சட்டம் உண்டு. சீட்டிடம் கதையைப் பற்றி மட்டுமே கேட்கலாம், நம்மைப் பற்றிக் கேட்கக் கூடாது. கல்யாணம், வேலை, உடம்பு எதுவும் கூடாது. முதல் நாளே மூவரிடமும் வாக்கு வாங்கிவிட்டேன். அரசி எங்கே என்பது எனக்கே இன்னும் தெரியாது.

சித்ராதேவி திருடியாக ஆடுகிறாள். மொக்கைச்சாமி அண்ணன் போர்வீரர், பாரூக் வைத்தியன். சென்ற ஞாயிறு ஓநாய் வழிமறித்தது. அண்ணன் கத்தியை உருவப் போனார். சித்ராதேவி அவரைத் தடுத்து, "ஏனுங்க, ஓநாய்கிட்ட வெல பேசிப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டாள். பகடையும் அவள் பக்கம் விழுந்தது. நாள் முழுக்க பனியனில் ஓட்டை தேடும் பெண், ஓநாயை ஒரு பானை வெண்ணெய்க்கு இறக்கிவிட்டாள்.

நான் இப்போது குறைத்துப் பேசி, படத்தை அதிகம் காட்டப் பழகுகிறேன். அவர்களும் படத்தைப் பார்த்து நான் நினைக்காததையெல்லாம் சொல்கிறார்கள்.

மூவரும் மலையேறி, உன் கிழவியின் குகைவாசலில் நிற்கிறார்கள். விளக்கு வேண்டுமாம். என்ன சொல்கிறாய்?

அண்ணன்
சகாயராஜ்

*

1 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். பசு பாட்டுக்கு மசியவில்லை.

கிழவி சொல்கிறாள்: விளக்கு இனாம்தான். ஆனால் ஒவ்வொருவரும் வீட்டில் யாரை விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்லிவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். பொய் சொன்னால் விளக்கு அணைந்துவிடும்.

இன்று முதல் ஞாயிறு. வரிசையில் நின்று கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போன மாதமும் அப்படித்தான். தொண்டையைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் இல்லை. ஓநாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்த கடிதத்தில் ஓநாய் வேண்டாம்.

சந்தனம்

*

திருப்பூர்
25 செப்டம்பர் 2024

அன்பு சந்தனத்துக்கு,

தாமதத்துக்கு மன்னி. உடம்புக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. வெயிலும் தூசியும்தான்.

உன் கிழவி எங்களைக் கலக்கிவிட்டாள். மொக்கைச்சாமி அண்ணன் போர்வீரனின் மனைவியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, ஊரில் இருக்கும் சொந்த மனைவியைப் பற்றிச் சொல்லி முடித்தார். அவர் சொன்னதற்குப் பகடை போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாரூக்கோடுதான் மனத்தாங்கல். கதையைச் சீக்கிரம் முடி என்கிறான். கிறிஸ்துமஸுக்குத்தான் முடிப்பேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே கடைக்கு இறங்கிப் போய்விட்டான்.

வேறு விசேஷம் இல்லை. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அண்ணன்

*

6 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

இன்று மறுபடி கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். சகாயராஜ் அண்ணன் இருக்கிறாரா, தங்கை பேசுகிறேன் என்றேன். "அண்ணனால பேச முடியாதுங்க கண்ணு" என்றார். என்ன என்று கேட்பதற்குள், "வேலையா இருக்காருங்க" என்று மாற்றிச் சொல்லி வைத்துவிட்டார். சித்ராதேவி அக்காதான் என்று நினைக்கிறேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

உங்களுக்கு என்ன? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பதில் வரும்வரை நான் வேறு எதுவும் எழுதப் போவதில்லை.

சந்தனம்

*

திருப்பூர்
11 அக்டோபர் 2024

சந்தனம்,

நீ சுகமாயிருக்க வேண்டும். நான் சுகமில்லை.

குரல்வளையில் புற்றுநோய். உன்னை வண்டியேற்றிவிட்ட மறுவாரம் கோயம்புத்தூரில் சொன்னார்கள். ஜூனிலிருந்து கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஷிப்மெண்ட் என்று எழுதியது பொய். அப்போதே என் பேச்சு காற்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. போனை எடுத்திருந்தால் முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்திருப்பாய். செப்டம்பரில் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் முடிவாகச் சொன்னார்: கட்டி கரையவில்லை, குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும், இனி மூச்சு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான். பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறதாம், தள்ளிப்போடாவிட்டால்.

நான் தள்ளிப்போடுகிறேன். பாரூக்கின் கோபம் அதுதான். இருக்கிற கொஞ்சக் குரலில் கதையை முடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். "நீ இல்லாமப் போயிட்டா அந்தக் கதைய வச்சு நாங்க என்னடா பண்றது?" என்று கேட்டான். குரல் இல்லாத மெர்ச்சண்டைசரைக் கம்பெனி எங்கே வைத்துக்கொள்ளும், பேசாத கதைசொல்லியை யார் சுற்றி உட்காருவார்கள் என்று யோசித்து யோசித்து, மேசையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

போன ஞாயிறு கட்டில் ஒரு சீட்டு குறைந்தது. எலும்புக்கூடு குதிரைமேல் வரும் சீட்டு. சித்ராதேவி தலையைக் குனிந்துகொண்டாள். வாக்கை மீறி என் பெயரைச் சொல்லிச் சீட்டிடம் கேட்டிருக்கிறாள். அது வந்ததும் டிபன் பையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். "இங்க இருந்தா உங்களப் புடிச்சுக்குமோன்னு பயமா இருந்துச்சுங்க" என்றாள். திட்டவில்லை. கையை நீட்டினேன். அழுதுகொண்டே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கட்டில் சேர்த்துக் குலுக்கினேன்.

உன்னிடம் மறைத்தது, நீ வந்துவிடுவாய் என்ற பயத்தால். அம்மா போன பிறகு எனக்கு ஆக்கிப்போட ஆளில்லை என்று இரண்டு முறை மடத்தில் சேர்வதைத் தள்ளிவைத்தாய். மூன்றாம் முறையும் என்னால் நிற்கக் கூடாது. வராதே.

அண்ணன்
சகாயராஜ்

*

15 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் காலையில் படித்தேன், சாயங்காலம் எழுதுகிறேன். நடுவில் அழுது முடித்துவிட்டேன்.

நான் மடத்தை விட்டு வரவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறேன். இரண்டையும் ஒன்றென்று நீங்களாக நினைத்துக்கொண்டு நான்கு மாதம் தனியாகக் கிடந்திருக்கிறீர்கள். நவதுறவிக்கு இரண்டு வாரம் வெளியே இருக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. பொறுப்பாளர் சிஸ்டரிடம் கடிதத்தை நீட்டினேன். அவர்தான் முன்பே படித்திருப்பாரே. "நீ எப்ப வந்து கேப்பேன்னு உக்காந்திருக்கேன். போயிட்டு வா, தொழுவத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

பாரூக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு நாளையே டாக்டரிடம் போய்த் தேதி வாங்குங்கள். கிறிஸ்துமஸ் இல்லை, இந்த மாதம். கதை முடியாமல் கிடக்கட்டும். பிழைத்து வந்து முடியுங்கள். விளக்குக் கிழவி சொல்வதாக வைத்துக்கொண்டாலும் சரி, தங்கை சொல்வதாக வைத்துக்கொண்டாலும் சரி.

வியாழக்கிழமை வந்து சேர்வேன். பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர வேண்டாம்.

சந்தனம்

*

24 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கழுத்துத் துளையைச் சுற்றித் தினமும் சுத்தம் செய்கிறீர்களா? மொக்கைச்சாமி அண்ணன் வெட்டித் தந்த கழுத்துத் துணிகளைத் துவைத்து நிழலில் காயப்போடுங்கள். அத்தனை மெல்லிய பனியன் துணியை எங்கே தேடினாரோ. ஆஸ்பத்திரி நர்ஸம்மாவே இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆபரேஷன் நடந்த அந்தக் காலையைப் பற்றி உங்களிடம் எழுத வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். மருந்து மயக்கத்தில் உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்குமோ. உங்களை உள்ளே கொண்டுபோகும் முன் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஏதாவது பெரிதாகச் சொல்வீர்கள் என்று நான் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு நின்றேன். சும்மா நிற்க முடியாமல் பாரூக் அண்ணன்தான் சட்டைப்பையிலிருந்து பகடையை எடுத்து, போர்வீரன் ஆற்றைத் தாண்டினானா இல்லையா, போட்டுப் பார்ப்போம் என்றார். மொக்கைச்சாமி அண்ணன் போட்டார். அது கட்டில் விளிம்பில் பட்டுத் தரையில் உருண்டு பெரிய எண்ணைக் காட்டியது. அவர், "தாண்டிட்டான்" என்றார். நீங்கள் தலையைத் தூக்கி அந்தக் காற்றுக் குரலில் சொன்னீர்கள்:

"தரையில விழுந்தது செல்லாதுண்ணே. திருப்பிப் போடுங்க."

அதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. உங்கள் குரலில் நான் கடைசியாகக் கேட்டது அதுதான். அப்போது கோபம் வந்தது. இப்போது நினைத்தால் வேறு எதுவும் வேண்டாம் போலிருக்கிறது.

காயம் ஆறத் தாமதமானதால் நான் கூடுதலாகத் தங்கியதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்த நாட்களை இங்கே ஈடுகட்ட வேண்டும், அவ்வளவுதான். மே மாதம் மற்றவர்கள் முதல் வார்த்தைப்பாடு கொடுத்துத் துறவு ஏற்பார்கள், நான் ஜூனில் கொடுப்பேன். தனியாக எனக்கென்று ஒரு பூசை.

நன்றாகச் சாப்பிடுங்கள்.

சந்தனம்

*

திருப்பூர்
13 ஜனவரி 2025

அன்பு சந்தனத்துக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். உடம்பு தேறுகிறது. கம்பெனியில் என்னைப் பேட்டர்ன் வரையும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டரோடு வேலை, யாரிடமும் பேச வேண்டாம். சம்பளம் கொஞ்சம் குறைவு. வைத்துக்கொண்டதே பெரிது.

நேற்று மாடியில் மறுபடி உட்கார்ந்தோம். படுதோல்வி. நான் எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு வாங்கிப் போயிருந்தேன். நான் எழுதும்வரை மூவரும் சர்ச்சில் இருப்பதுபோலக் கைகட்டிக் காத்திருந்தார்கள். மொக்கைச்சாமி அண்ணன் எனக்குக் காது கேட்காது என்பதுபோல உரக்கப் பேசினார். போர்வீரன் ஆற்றில் விழுந்தான் என்று எழுதினால், "சரிங்க தம்பி" என்றார். முன்பெல்லாம் அரைமணி வாதாடியிருப்பார். கடைசியில் சித்ராதேவி, "அரசி கெடச்சுட்டாங்கன்னே வெச்சுக்கலாமுங்கண்ணா, நீங்க சிரமப்பட வேண்டாமுங்க" என்றாள்.

சந்தனம், வலியைத் தாங்கிவிட்டேன். இதைத் தாங்க முடியவில்லை. சீட்டுகளை வாரிக்கொண்டு வந்துவிட்டேன். கட்டைக் கம்பெனியிலேயே திருப்பி வைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

அண்ணன்

*

25 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு தேறுவது கேட்டு சந்தோஷம். நானும் சுகம்.

கட்டைத் திருப்பி வைப்பதென்றால் வையுங்கள். ஆனால் சிலேட்டு யாருடைய யோசனை? நீங்கள் இன்னும் வாயால் சொல்வதுபோலவே சொல்லப் பார்த்தீர்கள், ஒவ்வொரு சொல்லாக. ஆகஸ்டில் என்ன எழுதினீர்கள்? படத்தைக் காட்டினால் அவர்களே நான் நினைக்காததைச் சொல்கிறார்கள் என்று. அப்படியானால் சிலேட்டு எதற்கு? அவர்கள் பேசட்டும். சரி என்றால் தலையாட்டுங்கள், தப்பு என்றால் இன்னொரு சீட்டைப் போடுங்கள். அவர்கள் பரிதாபப்பட்டால் கஷ்டமான சீட்டாகப் பார்த்துப் போடுங்கள்.

இங்கே மாலை முதல் காலை வரை நாங்கள் மௌனம். அந்த நேரத்தில்தான் எல்லாச் சண்டையும் நடக்கிறது. ஒரு கரண்டியை எப்படி வைக்கிறோம் என்பதிலேயே அத்தனையும் சொல்லிவிடலாம்.

அரசி எங்கே என்று பொறுப்பாளர் சிஸ்டர் மறுபடி கேட்கிறார்.

சந்தனம்

*

திருப்பூர்
3 மார்ச் 2025

அன்புத் தங்கை சந்தனத்துக்கு,

இயேசுவுக்கே புகழ். நான் சுகம். உண்மையாகவே சுகம். போன வாரம் பார்த்த டாக்டரும் அதையே சொன்னார்.

சிலேட்டைப் பாரூக் கடையில் விலை எழுதக் கொடுத்துவிட்டேன். நீ சொன்னபடியே செய்தோம். அரசியை யாரும் கடத்தவில்லையாம்; இடி விழுந்த அன்று தானாகவே இறங்கி நடந்தாளாம். கண்டுபிடித்த பிறகும் திரும்பி வர மாட்டேன் என்றுவிட்டாள். அப்படி முடிந்தது. சிஸ்டரிடம் சொல்லிவிடு.

இப்போது ஐந்தாவதாக ஓர் ஆள் சேர்ந்திருக்கிறார். தரணீதரன், ஊத்துக்குளியில் வெண்ணெய் மண்டி. பெரிய மீசை. எனக்கு நடந்த அதே ஆபரேஷன் அவருக்கும். பேச்சுப் பயிற்சிக்குக் கோயம்புத்தூர் போகும் ரயிலில் பழக்கம். கழுத்தில் வைத்துப் பேசும் பேட்டரிக் கருவி வாங்கி வைத்திருக்கிறார், அந்த யந்திரக் குரல் பிடிக்காமல் பையிலேயே போட்டு வைத்திருக்கிறார். ரயிலில் நான் சீட்டைக் குலுக்கி, எதிர் இருக்கையில் ஒரு படத்தை வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கட்டிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பீளமேடு ஸ்டேஷன் வருவதற்குள் பாதிக் கதை ஆகியிருந்தது.

நேற்று புதிய கதையைத் தொடங்கினோம். ஒரு கப்பல், அதில் எல்லாரும். மூவரும் பாடுபட்டுக் கப்பலைக் கரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்திருந்தார்கள். நான் இடி விழும் கோபுரத்தைப் போட்டேன். சித்ராதேவி பாய்மரம் போச்சா என்று கேட்டாள், தலையாட்டினேன். பாரூக் தன் வைத்தியத்தால் அடிபட்டவர்களைக் காப்பாற்றப் பார்த்தான். பத்து வாள் முதுகில் குத்திய சீட்டைப் போட்டேன். அப்போது தரணீதரன் என்னை முறைத்துக்கொண்டே, சிங்கத்தின் வாயைப் பெண் ஒருத்தி கையால் மூடும் சீட்டை என் சீட்டின் மேல் அறைந்தார்.

அதற்கு என்ன பொருள் என்று மூவரும் சண்டை பிடித்தார்கள். புயல் அடங்கிவிட்டது என்றான் பாரூக். புயலாவது அடங்குறதாவது, கடல்ல இருந்து ஒரு சிங்கம் வந்துருக்கு என்றார் மொக்கைச்சாமி அண்ணன். நான் அண்ணன் பக்கம் தலையாட்டினேன். சித்ராதேவி எழுந்தே நின்றுவிட்டாள். நான்கு மாதமாக என்னிடம் காய்ச்சல்காரனிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசியவள், மேசையில் தட்டி என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"இது அக்கிரமமுங்கண்ணா. கரைக்கு வந்த கப்பல்ல சிங்கத்த ஏத்துவீங்களா? நீங்க வேணும்னே பண்றீங்க."

ஆமாம் என்று தலையாட்டினேன். தரணீதரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் சிரித்தால் சத்தம் வராது. தோள்தான் குலுங்கும், கழுத்துத் துணி படபடக்கும். அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் கோபம். பகடையை எடுத்து என் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டு, சிங்கத்தை இறக்கினால்தான் தருவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். நான் இறக்கவில்லை.

ஜூனில் உன் வார்த்தைப்பாட்டுக்கு ஐந்து பேரும் வருகிறோம். பாரூக் வேன் பேசிவிட்டான். தரணீதரன் எத்தனை சிஸ்டர்கள் என்று கேட்கிறார், வெண்ணெய் கொண்டுவர. எழுது.

உன் அண்ணன்
சகாயராஜ்